மகள் சொல்ல வரும்போது...

பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கிடைத்ததும் வீடே மகிழ்ச்சியில் நிறைந்துவிடுகிறது. பெட்டி, படுக்கை விரிப்பு என்று ஒவ்வொன்றாக வாங்கி மகளை விடுதிக்கு அனுப்பி வைக்கிறோம். ஆனால், அங்கே யாராவது தகாத முறையில் நடந்துகொண்டால் யாரிடம் சொல்வது என்பதை மட்டும் நாம் பேசுவதே இல்லை.

சமூகப் பணியாளர் என்ற முறையில் விடுதி மாணவிகள் பலருடன் உரையாடி வருகிறேன். எது பிழை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். பகிடிவதை என்ற பெயரில் ஆபாசமாகப் பேச வைப்பது, தொலைபேசிக்குத் தகாத படங்கள் அனுப்புவது, புள்ளிகளைக் காட்டி ஆசிரியர் ஒருவர் நெருங்க முயல்வது, காதலன் கட்டாயப்படுத்துவது ஆகிய எல்லாமே வன்முறைதான் என்கிறார்கள். ஆனாலும் முறைப்பாடு செய்ய முன்வருவோர் மிகச் சிலரே.

ஏன் என்று கேட்டால், "சீனியர்மார் ஒதுக்கி வைச்சிடுவினம்" என்பார் ஒருவர். "பெயர் வெளியிலை வந்திடும்" என்பார் இன்னொருவர். நான் அடிக்கடி கேட்கும் மூன்றாவது பதில்தான் என்னை மிகவும் வருத்துவது: "அம்மாவிட்டைச் சொன்னால், படிச்சது காணும், வீட்டை வா எண்டுதான் சொல்லுவா, அக்கா."

குற்றம் செய்தவன் படிப்பைத் தொடர, பாதிக்கப்பட்டவள் படிப்பை இழக்கிறாள். இந்தப் பயமே அவளை மௌனமாக்குகிறது.

மௌனத்தின் விலை பெரியது. 1975இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்த ரூபா ரத்னசீலி என்ற மாணவி, நடக்கும் ஆற்றலையே இழந்தார். தப்பி ஓடுவதைத் தவிர வேறு வழி தெரியாத நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. பங்களாதேஷின் ஜஹாங்கீர்நகர் பல்கலைக்கழகத்தில் 1998இல் பாலியல் வன்முறைக்கு எதிராக மாணவிகள் திரண்டு போராடினார்கள். கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றிலும் முறைப்பாட்டுக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2009இல் பணித்தது. பேசியதால்தான் வழி பிறந்தது.

நமது நாட்டிலும் சட்டம் உண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டத்தின்படி, பகிடிவதையின்போது பாலியல் தொல்லை கொடுப்பவருக்குப் 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி, பாலியல் தொந்தரவு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும்.

பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரிடம் முறையிடலாம். பகிடிவதை பற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாகவும் அறிவிக்கலாம். பொலிஸில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிப் பணியகம் உண்டு. 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவிச் சேவை இயங்குகிறது. அரச வைத்தியசாலைகள் பலவற்றிலுள்ள 'நட்பு நிலையம்' மனத்துக்கும் உடலுக்கும் ஆறுதல் தரும் இடம். வந்த செய்திகளையும் படங்களையும் அழிக்காமல் வைத்திருப்பதும், நடந்ததைத் திகதியுடன் எழுதி வைப்பதும் பின்னர் உதவும். உடலுக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் தாமதிக்காமல் வைத்தியரை நாட வேண்டும்.

ஆனால் இந்தக் கதவுகளை எல்லாம் தட்டும் முன்னர், பெரும்பாலும் அவள் சொல்வது ஒரு தோழியிடம், அக்காவிடம், அம்மாவிடம்தான். அங்கே கிடைக்கும் முதல் பதிலே அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது. "நீ ஏன் அங்கை போனாய்?", "என்ன உடுத்திருந்தாய்?" என்ற கேள்விகள் அவள் வாயை மூடிவிடும். "நீ சொன்னது நல்லது பிள்ளை. பிழை உன்னில் இல்லை. என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பம்" என்ற வார்த்தைகள் அவளை நிமிர வைக்கும். அவளைக் கேட்காமல் ஊருக்குச் சொல்வதும் வேண்டாம். அவளைக் கேட்காமல் படிப்பை நிறுத்துவதும் வேண்டாம். முடிவு அவளுடையது, துணை நம்முடையது.

அன்புத் தாய்மாரே, மகள் விடுதிக்குப் புறப்படும் முன்னர் ஒரு மாலைப்பொழுது அவளுடன் அமருங்கள். "என்ன நடந்தாலும் என்னட்டைச் சொல்லு. அதற்காக உன் படிப்பை நிறுத்த மாட்டன்" என்று சொல்லுங்கள். அவளுடைய பெட்டியில் நீங்கள் வைக்கும் பொருட்கள் எல்லாவற்றிலும் அந்த வாக்குறுதியே பெறுமதியானது.