நல்லூருக்கு வந்த மின்சாரக் கார்

1990களில் யாழ்ப்பாணத்திலே வாழ்ந்தவர்களுக்கு மண்ணெண்ணெய்க் கார்களை நினைவூட்ட வேண்டியதில்லை. பெற்றோலுக்குத் தடை இருந்த அந்நாட்களில், சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அப்பால் மண்ணெண்ணெயிலே ஓட்டினார்கள் நம்மவர்கள். ஒஸ்ரினும் மொறிசும் புகை கக்கிக்கொண்டு கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் ஓடின. மின்சாரமோ அறவே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. மின்சாரத்தால் ஓடும் கார் கொழும்பிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

அத்தகைய கார் ஒன்று எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தது. ஓட்டி வந்தவன் என் மருமகன். இறங்கியதும் அவன் கேட்டது தண்ணீரன்று.

“மாமா, இஞ்சை எங்கை சார்ஜ் போடலாம்?”

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒருமுறை மின்னேற்றினால் அவ்வளவு தூரமும் ஓடும் என்றே காரின் விற்பனைப் பத்திரம் கூறுகின்றது. ஆனால் விற்பனைப் பத்திரத்திலே ஏ-9 வீதியின் வெயில் இல்லை, குளிரூட்டி இல்லை, நான்கு பேரும் அவர்களுடைய மூட்டைகளும் இல்லை. ஒரு விடுதி முற்றத்தில் மின்னேற்றி இருப்பதறிந்து போனோம். அது பழுதாகிக் கிடந்தது. இன்னோரிடத்தில் இருந்ததோ பழைய யப்பானிய லீஃப் கார்களுக்கான ‘சாடெமோ’ முனை. மருமகனின் காருக்கு வேண்டியது ‘சீசீஎஸ்’. ஈற்றில் குசினி யன்னலால் வயரை இழுத்து, 15 அம்பியர் செருகியிலே மாட்டினோம். அது மணிக்கு 3 அலகு கொடுக்கும். காரின் பற்றரியோ 60 அலகு கொள்ளும். மறுநாள் தேர். அவன் நடந்தே போனான்.

இந்தக் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர், நகரில் கடை வைத்திருப்பவர், தாமே ஒரு மின்னேற்றி நிறுவினால் என்னவென்று கணக்குப் பார்த்தார். வீட்டுச் செருகி கொடுக்கும் ஆடலோட்டத்தைக் காருக்குள் இருக்கும் சிறு கருவி மெல்ல மெல்ல நேரோட்டமாக்குகின்றது. விரைவு மின்னேற்றி அவ்வேலையைக் காருக்கு வெளியே பெரிய அளவிற் செய்வது. விலை அதிகமாவதும் அதனாலேயே. மும்முனை இணைப்பு வேண்டும்; சில இடங்களில் தனி மின்மாற்றியே வேண்டியிருக்கும். 60 கிலோவாற் மின்னேற்றி ஒன்று நாள் முழுவதும் ஓய்வின்றி உழைத்தால் 1,440 அலகு கொடுக்கலாம். நாளொன்றுக்கு மூன்று கார்கள் வந்து, தலைக்கு 30 அலகு பெறுகின்றன என்று கொள்வோம். 90 அலகு! பதினாறில் ஒரு பங்கு.

“திருவிழா 25 நாள். மிச்சம் 340 நாளும் ஆர் வரப்போகினம்?” என்றார் நண்பர்.

நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்திலே சொந்தக் கார் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் வளவும் உண்டு. அவர் இரவிலே வீட்டிலேயே மின்னேற்றிக்கொள்வார். பொது மின்னேற்றி வேண்டியது வெளியூரிலிருந்து வருபவருக்கும் வளவில்லாதவருக்குமே. வாடகை அறையில் இருக்கும் உத்தியோகத்தர் எந்த யன்னலால் வயர் இழுப்பார்? மின்சார முச்சக்கர வண்டி வாங்க விரும்பும் ஓட்டுநர் பகலிலே எங்கே மின்னேற்றுவார்? இவர்களை நம்பி வியாபாரி முதலிட மாட்டார். மின்னேற்றி இல்லையென்பதால் இவர்கள் வண்டி வாங்க மாட்டார்கள். இந்த முடிச்சை லாபத்துக்காக முதலிடுபவர் அவிழ்ப்பார் என்று காத்திருப்பது வீண். சந்தையும் வீதி விளக்கும்போல இதுவும் மாநகர சபை தொடங்கிவைக்க வேண்டிய காரியம் என்பது என் எண்ணம்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. பாவனை குறைந்த நாட்களில் வெயில் கொடுத்த மின்சாரம் வலையமைப்பு தாங்கும் அளவை மீறிவிடும் என்ற அச்சம். 2022 இல் ஒரு நாளில் 13 மணிநேரம் இருளில் இருந்த நாடு, மூன்றாண்டின் பின் ஒளியை அணைக்கச் சொன்னது! வீட்டிலே காரை மின்னேற்றுபவரோ மாலையில் வந்து, எல்லோரும் விளக்குப் போடும் 6.30 மணிக்குப் பிறகே செருகுகின்றார்.

ஆகவே மின்னேற்றி நிற்கவேண்டிய இடம், பகலிலே வண்டிகள் மணிக்கணக்காய்க் காத்து நிற்கும் இடமே. ஆசுபத்திரியைச் சுற்றிய வீதிகள், புகையிரத நிலைய முற்றம், சந்தைத் தரிப்பிடம். அவற்றுக்கு மேலே தகட்டுக் கூரை போட்டால் வண்டிக்கு நிழலுமாயிற்று. அங்கெல்லாம் விலையுயர்ந்த விரைவு மின்னேற்றி வேண்டாம். 7 கிலோவாற் கொடுக்கும் எளிய கருவிகள் பல போதும். நான்கு மணிநேரத்தில் 28 அலகு. விரைவு மின்னேற்றி ஒன்றிரண்டை நல்லூருக்கு அண்மையில் வைக்கலாம். பழுதானால் அன்றே திருத்த ஓர் ஆளையும் வைக்கவேண்டும்.

மருமகன் மூன்றாம் நாள் திரும்பினான். வழியில் வவுனியாவில் ஒருமுறை மின்னேற்ற எண்ணி, அங்கேயுள்ள கருவி வேலை செய்கின்றதா என்று புறப்படுமுன் மூன்று பேருக்குத் தொலைபேசியிற் பேசினான்.