சீமைப் பெருச்சாளிக்கு ஒரு துணை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

'தனி மரம் தோப்பாகாது' என்பது பழமொழி. மனிதருக்காகச் சொல்லப்பட்ட இம்மொழி ஒரு சிறு பிராணிக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்துகொண்டேன்.

பொங்கல் கழிந்ததும் என் தம்பி இரண்டு சீமைப் பெருச்சாளிகளை வாங்கி வந்தான். ஒன்று எட்டு மாதம் கடந்தது. அதுவரை குட்டி போடாதது. மற்றது பிறந்து ஒரு மாதமே ஆன குட்டி. 'இரண்டும் பெண்' என்றார் விற்றவர். நாங்களும் நம்பி ஒரே கூண்டில் விட்டோம். ஆனால் குட்டி ஆண். சித்திரைக் கடைசியில், ஈன முடியாமல் பெரியது இறந்தது. விலங்கியல் படிக்கும் நான் வீட்டில் இருந்தும் இப்படி நேர்ந்ததே என்ற வருத்தம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பிராணியின் இயல்பு

கினிப்பன்றி என்றும் அழைக்கப்படும் இது பன்றியும் அன்று; பெருச்சாளியும் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காகப் பழக்கிய கொறிக்கும் பிராணி. விலங்கியல் பெயர் கேவியா போர்செல்லஸ். நம்மைப் போலவே இதனாலும் வைட்டமின் 'சி'யை உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. 1907-இல் நார்வே நாட்டு அறிஞர்கள் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் இருவரும் இதற்குத் தானியம் மட்டும் கொடுத்து ஸ்கர்வி நோய் உண்டாவதைக் காட்டினர். ஆகவே அன்றாடம் குடைமிளகாய், கொய்யா போன்றவற்றில் சிறிதளவு தர வேண்டும். பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால், கடித்துத் தேய்க்க எந்நேரமும் புல் இருக்க வேண்டும்.

ஆண் குட்டி மிக விரைவில் பருவமடைகிறது. மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்தும் உடன்பிறந்த பெண் குட்டிகளிடமிருந்தும் அதைப் பிரித்துவிட வேண்டும். பெண்ணின் முதல் ஈற்று ஆறு, ஏழு மாதங்களுக்குள் நிகழாவிட்டால், இடுப்பெலும்பின் முன்புற இணைப்பு இறுகிப் பிரசவத்தில் விரிந்துகொடுக்காது. குட்டிகளோ கண் திறந்து, முடியும் பல்லும் முளைத்துப் பெரிதாகவே பிறப்பவை. எங்கள் வீட்டில் நடந்தது இதுவே.

இருப்பிடம்

இரண்டு பிராணிகளுக்கு ஏழரைச் சதுர அடிக்குக் குறையாத தரை வேண்டும். இவை ஏறித் தாவுபவை அல்ல. உயரத்தைவிட ஓட இடமே முக்கியம். கம்பி வலைத் தரை பாதத்தைப் புண்ணாக்கும். துணியோ காகிதமோ விரிப்பது நலம். ஒவ்வொன்றுக்கும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி தேவை. அதற்கு இரு வாசல் இருந்தால் ஒன்றை மற்றொன்று மடக்கிக் கடிக்காது. பூனை நுழையாதபடி மூடியும் அவசியம். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பமே இதற்கு ஏற்றது. நமது கோடையில் தகரக் கூரையின் கீழ் வைப்பது கொல்வதற்குச் சமம். வீட்டின் குளிர்ந்த தரையே தக்க இடம்.

துணை எது?

இது கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தின் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள் இதைத் தனியாக வளர்ப்பதைத் தடுக்கின்றன. துணையிழந்த எங்கள் ஆண் குட்டியும் மூலையில் ஒடுங்கிப் பாதித் தீனியை மிச்சம் வைத்தது. இன்னொரு ஆணைச் சேர்த்தால் சண்டை மூளலாம். பெண்ணைச் சேர்த்தால், ஈன்ற சில மணி நேரத்திலேயே அது மறுபடி சினையாகக்கூடும். எனவே ஆணுக்குக் காயடிப்பதே வழி.

"கிடாய்க்குச் செய்யிற மாதிரிதானே? இடுக்கியால ஒரு அமுக்கு அமுக்கினா முடிஞ்சு போச்சு" என்றார் அம்மா. அவர் அறிந்த முறை இங்கே உதவாது. இப்பிராணி தன் விதைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அவ்வழி வளர்ந்த பின்னும் மூடுவதில்லை. ஆகவே மயக்க மருந்து கொடுத்து, இரு விதைகளையும் அறுவை செய்து எடுத்து, குடல் இறங்காதபடி தையலிட வேண்டும். பொதுவாக மூன்று, நான்கு மாத வயதுக்குப் பின் இதைச் செய்கின்றனர்.

நாய்க்குச் செய்வதுபோல் முதல்நாள் இரவு பட்டினி போடலாகாது. இது வாந்தி எடுக்க இயலாத பிராணி. தீனி நின்றால் குடல் இயக்கமும் நின்றுவிடும். சிகிச்சை முடிந்த அன்றே தின்னத் தொடங்க வேண்டும். இல்லையேல் கூழாக்கி ஊட்ட வேண்டும். பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால், குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மயக்க மருந்திலும் ஆபத்து உண்டு. எனவே இச்சிறு பிராணிகளில் பழக்கமுள்ள மருத்துவரையே நாட வேண்டும். முடிந்தவுடன் பெண்ணுடன் சேர்த்துவிடவும் கூடாது. குழாய்களில் எஞ்சிய விந்தணுக்களால் சினை ஏற்படலாம். ஆறு வாரம் பொறுத்திருப்பது பாதுகாப்பு.

ஒன்று நினைவிருக்கட்டும்: இச்சிகிச்சை ஆண்களுக்கிடையே நிகழும் சண்டையைத் தீர்க்கும் மருந்து அன்று. குட்டி பெருகாமல் ஒரு பெண்ணோடு வாழ வழி செய்வதே இதன் பயன்.

எங்கள் குட்டிக்கு ஆனியில் சிகிச்சை நடந்தது. ஆவணியில் துணை வந்தது. இப்போது கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் ஓசை கேட்டாலே இரண்டும் சேர்ந்து கீச்சிடுகின்றன. தீனியும் மிஞ்சுவதில்லை.

இதை வளர்க்க விரும்பும் நண்பர்கள் கடையில் முதலில் விலையைக் கேட்க வேண்டாம். ஆணா, பெண்ணா என்று கேளுங்கள். பின்பு விவரமறிந்த ஒருவரைக்கொண்டு நீங்களே பார்த்துத் தெளியுங்கள். நாங்கள் அதைச் செய்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்.