கட்டத்துக்குள் அடங்கிய எழுத்து

சிவகாசி அச்சகங்களில் ஆடிப்பெருக்கு நாளன்று பூஜை போட்டு, அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம். தினசரித் தாளில் அச்சிட வேண்டிய வருஷப் பெயரைப் பற்றி அங்கே எவருக்கும் சந்தேகம் எழுவதில்லை. பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது பெயர்களும் மாறாத வரிசையில் சுழன்று வருவதால், விளம்பியை அடுத்து விகாரி என்பது பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த சிறுவனுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்த விகாரி பிறந்த 2019-ஆம் ஆண்டுக்கான காலண்டர்களை ஜப்பான் தேசத்து அச்சகத்தார் அச்சிட்டபோது, வருஷத்தின் பிற்பகுதிக்கு என்ன பெயர் போடுவதென்று அறியாமலேயே அச்சிட நேர்ந்தது. அங்கே புதிய சக்கரவர்த்தி பட்டமேறும்போது புதிய சகாப்தப் பெயர் பிறக்கும். அகிஹிதோ ஏப்ரல் 30-ஆம் தேதி முடிதுறந்து, மறுநாள் நருஹிதோ அரியணை ஏறுவதாக முன்கூட்டியே நிச்சயமாகியிருந்தும், 'ரெய்வா' என்னும் பெயரை அரசாங்கம் ஏப்ரல் முதல் தேதியன்றுதான் வெளியிட்டது.

பெயர் வெளிவந்ததும் எழுந்த பிரச்சினை விசித்திரமானது. ஜப்பானியர் சகாப்தப் பெயரின் இரண்டு எழுத்துக்களையும் ஒரே எழுத்துக்குரிய சதுர இடத்துக்குள் நெருக்கி, தனியொரு குறியாக எழுதுவதுண்டு. மெய்ஜி, தாய்ஷோ, ஷோவா, ஹெய்செய் ஆகிய நான்கு சகாப்தங்களுக்கும் இத்தகைய குறிகள் கணிப்பொறியில் ஏற்கெனவே இருந்தன. ஐந்தாவதற்கும் ஒன்று வேண்டும். உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு அமைப்பு, வட்டமிட்ட கிழக்காசிய எழுத்துக்களும் மாதக் குறிகளும் தங்கியிருக்கும் பகுதியின் கடைசிக் காலியிடத்தை, பெயர் இன்னதென்று தெரியாதபோதே இதற்கென ஒதுக்கி வைத்துக் காத்திருந்தது. 2019 மே 7-ஆம் தேதி வெளியான 12.1 என்னும் பதிப்பில் புதிதாகச் சேர்ந்தது அந்த ஒரே ஒரு எழுத்துத்தான். அடோபி நிறுவனத்தின் 'சோர்ஸ் ஹான் சான்ஸ்' எழுத்துருவிலோ அதன் வடிவம் அதற்கு முந்தின மாதமான ஏப்ரலிலேயே இடம் பெற்றுவிட்டது.

எண் கிடைத்தவுடன் குறி கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று எண்ணுவது பொதுவான மயக்கம். யூனிகோடு தருவது வீட்டுக்குக் கதவு எண் மட்டுமே. அந்த எண்ணுக்குரிய வடிவத்தை வரைந்து வைத்திருப்பது எழுத்துரு. எழுத்துருவில் வடிவம் இல்லையென்றால் திரையில் வெறுங்கட்டம் விழுகிறது. டிடிபி வேலை செய்யும் பிள்ளைகள் 'கட்டம் கட்டமா விழுது' என்று அலுத்துக்கொள்வது இதைத்தான்.

ரெய்வாவுக்கு இடம் தந்த அதே யூனிகோடு பகுதியைச் சேர்ந்த குறிகள் நம்மவர் கைப்பேசிகளிலும் இருக்கின்றன. இமோஜி வரிசையைத் தள்ளிக்கொண்டே போனால், செந்நிற வட்டத்துக்குள் சீன எழுத்தொன்று அடங்கிய இரண்டு வடிவங்கள் தென்படும். ஒன்று வாழ்த்தைக் குறிப்பது, மற்றொன்று இரகசியத்தைக் குறிப்பது. இவை யூனிகோடின் 1993-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சாதாரண எழுத்துக்களாக இடம் பெற்றவை; பின்னாளில் இமோஜியாகவும் ஆனமையால் ஒரே எண்ணுக்கு இரண்டு தோற்றங்கள் ஏற்பட்டன. எழுத்தைத் தொடர்ந்து கண்ணுக்குப் புலப்படாத வேறொரு குறியைச் சேர்த்து, கறுப்புக் கோட்டு வடிவம் வேண்டுமா, வர்ணச் சித்திரம் வேண்டுமா என்று கணிப்பொறிக்கு உணர்த்துகிறார்கள். அந்த மறைகுறி வழியில் உதிர்ந்துபோனால், அனுப்பியவர் கண்ட சிவப்பு வட்டம் பெறுபவரிடம் மெல்லிய கறுப்பு வளையமாகக் காட்சி தரலாம்.

சிவகாசிக்கு அடைப்புக்குள் அடங்கிய குறிகள் புதியவையல்ல. 1923-இல் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது முதல் லேபிள் அச்சடித்தே வளர்ந்த ஊர் அது. 2019 அக்டோபரில் பசுமைப் பட்டாசுக்கென்று அறிவிக்கப்பட்ட சின்னமும் கியூஆர் கட்டமும் வந்தபோது, பட்டாசுப் பெட்டிகளில் அவற்றை அச்சேற்றும் பொறுப்பும் இந்த அச்சகங்களையே சேர்ந்தது.

ஆயினும் என் மனத்தை உறுத்துவது நம்முடைய குறிகளின் கதி. கலியாணப் பத்திரிகையில் வருஷப் பெயருக்குப் பின் ௵, மாதப் பெயருக்குப் பின் ௴, தேதிக்குப் பின் ௳ என்று இடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பேரேட்டில் ௶ பற்றையும், ௷ வரவையும், ௸ மேற்படியையும் குறித்தன. ஒரு முழுச் சொல்லை ஒரே எழுத்தின் இடத்தில் அடக்கும் இந்தச் சாமர்த்தியம் ஜப்பானியருடையதற்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. இவை 2003-இல் யூனிகோடில் சேர்ந்தன. ரெய்வாவுக்கு இரண்டு மாதம் முன்பு, 2019 மார்ச்சில் வெளியான 12.0 பதிப்பில், 320-இல் ஒரு பங்கான முந்திரி முதலிய பின்னக் குறிகளும், பழைய தானிய அளவைக் குறிகளும், வேறு சில சுருக்கக் குறிகளுமாக 51 தமிழ் உருக்கள் இடம் பெற்றன. ஜப்பானில் அரசாங்கமும் வியாபாரிகளும் எழுத்துரு செய்வோரும் ஒன்றுகூடிக் காத்திருந்ததால் ரெய்வா சில வாரங்களில் ஊரெங்கும் வழங்கலாயிற்று. நம் முன்னோர் நிலமளக்கவும் நெல்லளக்கவும் பிரயோகித்த உருக்களோ, எண் பெற்ற பின்னும் பல கைப்பேசிகளில் வெறுங்கட்டமாகவே விழுகின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இதற்குப் பரிகாரம் அச்சகத்தார் கையிலேயே இருக்கிறது. 'நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்' என்னும் எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. அதை நிறுவிக்கொண்டு, கணிப்பொறியின் எழுத்துப் பட்டியலைத் திறந்து, வேண்டிய குறியைத் தேர்ந்தெடுத்து வைத்தால் போதும். பிளேட் போடும் இடத்தில் அதே எழுத்துரு இருக்கும் என்று நம்பிவிடாமல், பிடிஎஃப் கோப்பிலேயே எழுத்துருவையும் உட்பொதித்து அனுப்ப வேண்டும். அவசரத்தில் பலர் எழுத்துக்களைக் கோட்டுருவமாக மாற்றிவிடுகிறார்கள். அச்சுக்கு அது பழுதில்லை. ஆனால் அதே கலியாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது வெறும் படமாகிவிடுவதால், எந்தத் தேடலிலும் அந்த ௵ அகப்படாது. ஆகவே அச்சுக்கு ஒரு கோப்பும், அனுப்புவதற்கு எழுத்து எழுத்தாகவே நிற்கும் மற்றொரு கோப்புமாக இரண்டையும் வைத்துக்கொள்வது உத்தமம்.