‘மரம்’ சொல்லத் தெரிந்தால் பிரெஞ்சும் வரும்

ஜூன் மாதம் பிளஸ் ஒன் வகுப்புக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: “பிரெஞ்சு ஏன் எடுத்தீங்க?” சென்னையில் இருபத்திரண்டு வருடங்களாகப் பிரெஞ்சு நடத்துகிறேன். பதில் மாறவே இல்லை. “மார்க் வரும் மிஸ். சென்டம்கூட வாங்கலாமாம்.”

பிள்ளைகள்மேல் தப்பில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவதுவரை தமிழ் படித்துவிட்டுப் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சுக்கு மாறலாம். எழுத்துத் தேர்வுக்குக் கட்டுரையையும் கடிதத்தையும் மனப்பாடம் செய்தால் போதும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியிலும், “பேச வைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்” என்றார்கள். நானும் அப்படியே நடத்தினேன். அந்த வருடம் முழு மதிப்பெண்ணை நெருங்கிய மாணவி ஒருத்தி, பிறகு கல்லூரிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஊரும் பேரும் கேட்டபோது வாயடைத்து நின்றிருக்கிறாள். என்னிடம் வந்து சொல்லி அழுதாள். அன்றிலிருந்து முதல் இரண்டு வாரம் என் வகுப்பில் நோட்டுப் புத்தகம் கிடையாது.

அந்த இரண்டு வாரமும் வாய்க்குத்தான் வேலை. “‘ஈ’ சொல்லுங்க. நாக்கை அசைக்காம, உதட்டை மட்டும் ‘ஊ’ மாதிரி குவிங்க” என்பேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இல்லாத ஓர் ஒலி அப்போது பிறக்கும். பிரெஞ்சில் ‘மேலே’, ‘கீழே’ என்பதற்கான சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘தெசூ’தான். ‘மேலே’யில் வருவது இந்தப் புது ஒலி, ‘கீழே’யில் வருவது நம் ‘ஊ’. பென்சில் பாக்ஸைக் கொடுத்து, நான் சொல்வதைக் கேட்டு மேசையின் மேலேயோ கீழேயோ வைக்கச் சொல்வேன். நான்கு நாளில் காது பழகிவிடும்.

அடுத்தது மூக்கொலி. ‘நல்ல’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘போன்’. எழுத்தில் கடைசியில் மெய் இருக்கும். உச்சரிப்பில் அது உயிரோடு கரைந்து மூக்கு வழியாகப் போய்விடும். பயிற்சிப் புத்தகங்கள் இதற்கு வாய்ப்படம் போட்டு விளக்குகின்றன. எனக்கு ஒரு தமிழ்ச் சொல் போதும். “வீட்ல பேசற மாதிரி ‘மரம்’னு சொல்லுங்க. கடைசியில உதடு ஒட்டிச்சா?” வகுப்பு முழுக்க முணுமுணுத்துப் பார்க்கும். “ஒட்டலை மிஸ்!” அந்த வால்தான் பிரெஞ்சு மூக்கொலி. பிறந்ததிலிருந்து அவர்கள் வாயில் இருப்பது அது.

இலக்கணத்திலும் தமிழ் கைகொடுக்கிறது. பிரெஞ்சில் நண்பனுக்கு ‘த்யூ’, பெரியவர்களுக்கு ‘வூ’. ஆங்கிலத்தின் ‘யூ’ வழியாகப் போனால் இந்த வித்தியாசம் பிடிபடாது. “தலைமை ஆசிரியரை ‘நீ’ன்னு கூப்பிடுவியா?” என்று கேட்டால் பாடம் முடிந்தது. ‘போகிறேன், போகிறோம்’ என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றிப் பழகியவர்களுக்கு, பிரெஞ்சு வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறுவதும் புதிதல்ல.

தமிழ் உதவாத இடமும் உண்டு. நமக்கு மேசையும் புத்தகமும் அஃறிணை. அங்கே மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். காரணம் தேடிப் பயனில்லை. சொல்லைத் தனியாகப் படிக்கவே விடமாட்டேன்: ‘லா தாப்ல்’, ‘ல லீவ்ர்’ என்று பாலைக் காட்டும் முன்சொல்லோடு சேர்த்தே வாய் பழக வேண்டும்.

பிரான்ஸ் அரசு வழங்கும் டெல்ஃப் சான்றிதழ்த் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். ஒன்றில் 5-க்குக் கீழே போனால், மொத்தம் 50-ஐத் தாண்டினாலும் தேர்ச்சி இல்லை. பேசுவதற்கு எழுதுவதோடு சமமான மதிப்பு. நம் பள்ளித் தேர்விலும் இது வர வேண்டும் என்பதே என் ஆசை. தேர்வில் வராததைப் படிக்க நம் பிள்ளைகளுக்கு நேரம் விடுவதில்லை.

போன ஜூனில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், “எனக்கு இங்கிலீஷே வராது மிஸ், பிரெஞ்சு எப்படி வரும்?” என்று தயங்கினான். வீட்டில் தமிழ் தவிர வேறு மொழி இல்லை. ‘போன்’ சொல்லும் நாள் வந்தது. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற முதல் பெஞ்சு, ‘ன்’னை அழுத்தி நாக்கை மேலே ஒட்டியது. அவன் ஒரே முறையில் சரியாகச் சொன்னான். பிறகு பின்னாலிருந்து அவன் குரல்தான் கேட்டது: “நாக்கை ஒட்டாதீங்கடா. ‘மரம்’ சொல்ற மாதிரி விடுங்க.”