முதிய குதிரைக்கு ஏற்ற தீனி

மயிலாப்பூர் மாடவீதிகளில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலம் மறைந்தது. எனினும் மெரினாவிலும், அடையாற்றை அடுத்த எலியட்ஸ் கடற்கரையிலும், குழந்தைகளைச் சுமந்து சில குடும்பங்களுக்குச் சோறிடும் குதிரைகளை இன்றும் காணலாம்.

அண்மையில் கால்நடை மருத்துவரான நண்பருடன் எலியட்ஸ் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். ஒரு பெரியவரின் குதிரைக்கு விலா எலும்புகள் தெரிந்தன. வயது இருபதைக் கடந்ததாம். “கொள்ளை இரட்டிப்பாக்கியும் உடம்பு தேறவில்லையே, ஐயா!” என்று வருந்தினார். நண்பரோ, மென்று விழுங்க மாட்டாமல் குதிரை உதிர்த்திருந்த புல் உருண்டைகளைச் சுட்டிக் காட்டினார். குறை கொள்ளில் இல்லை, பல்லில் இருந்தது.

குதிரை என்றதும் கொள்ளையே நினைக்கிறோம். ஆனால் அதன் முதல் ஆகாரம் புல்லேயாகும். அதன் இரைப்பை உடலை நோக்க மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. நார்ச்சத்து பெருங்குடலில் நுண்ணுயிர்களால் புளித்துச் சத்தாக மாறுகிறது. தானியத்தை ஒரே வேளையில் மிகுதியாக இட்டால் புளிப்பு மிகுந்து, உயிரைப் பறிக்கும் வயிற்றுவலி காணலாம்.

நூறு கிலோ எடையுள்ள உடலுக்கு நாள்தோறும் 1.5 முதல் 2 கிலோ உலர்புல் வேண்டும். பச்சை அறுகம்புல்லில் நீரே மிகுதி. ஆதலால் மூன்று நான்கு மடங்கு இடவேண்டும். கொள்ளை வேகவைத்து ஆற்றி, சிறிது சிறிதாகப் பல வேளைகளில் கொடுப்பது நலம். உப்பும், தடையின்றித் தண்ணீரும் அவசியம். கடற்கரையில் தீனியை மணல்மீது இடலாகாது. மணல் குடலில் தங்கி நோய் விளைக்கும்.

முதுமையில் கடைவாய்ப் பற்கள் தேய்ந்தும், விளிம்பு கூர்ந்தும் போகின்றன. ஆண்டுக்கொருமுறையேனும் மருத்துவரைக் கொண்டு கூர்முனைகளை அராவிவிடுதல் வேண்டும். புல்லைப் பொடியாக நறுக்கி, நீரில் ஊறவைத்துக் கூழ்போல் கொடுக்கலாம். தவிட்டை மட்டும் நம்பலாகாது. அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து குறைவு. ஆகவே எலும்பு நலியும். எந்த மாற்றத்தையும் பத்து நாட்களில் படிப்படியாகச் செய்க.

புல்லும் கொள்ளும் விளைவிக்கும் நம் அங்கத்தினர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. பூஞ்சை பிடித்த தீனி குதிரைக்கு நஞ்சு. நன்கு உலர்த்திய சரக்கையே விற்பனைக்கு அனுப்புவோமாக. நாம் அனுப்பும் ஒவ்வொரு மூட்டையையும் நம்பி ஒரு வாயில்லா ஜீவனும், அதன் முதுகை நம்பி ஒரு குடும்பமும் இருப்பதை மறவாதிருப்போம்.