அழைப்பவர் பெயர் காட்சி

அழைப்பவர் பெயர் காட்சி என்பது, தொலைபேசி மணி ஒலிக்கும்போது அழைப்பவரின் எண்ணுடன் பெயரையும் திரையில் காட்டும் வசதி ஆகும். இது வட அமெரிக்காவில் பரவலாக வழக்கில் உள்ளது. அலுவலகங்களில் பயன்படும் பிபிஎக்ஸ் எனப்படும் எண்ணிமத் தொலைபேசி அமைப்புகளில் சில வேளைகளில் எண் மட்டும் தோன்றும், பெயர் தோன்றாது. எண்ணும் பெயரும் பெரும்பாலும் வெவ்வேறு வழிகளில் வருவதே இதற்கு அடிப்படைக் காரணமாகும்.

பெயர் வரும் வழி

ஐக்கிய அமெரிக்காவில், அழைப்பவரின் தொலைபேசி நிறுவனம் பொதுவாக எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அழைப்பைப் பெறுபவரின் நிறுவனம் அவ்வெண்ணைத் தரவுத்தளத்தில் தேடி, 15 எழுத்துருக்களுக்கு மிகாத பெயரைச் சேர்க்கிறது. கனடாவில் பெயர் பொதுவாக அழைப்புடனேயே அனுப்பப்படுகிறது.

பெயர் தோன்றாமைக்கான காரணங்கள்

* அனலாக் இணைப்பு: பெயர்த் தரவு முதலாம், இரண்டாம் மணியோசைகளுக்கு இடையே வருகிறது. பிபிஎக்ஸ் அதற்கு முன்பே அழைப்பை ஏற்றால் தரவு இழக்கப்படும்.
* பிஆர்ஐ இணைப்பு: பெயர் சில வேளைகளில் அழைப்புச் செய்திக்குப் பின் தனிச் செய்தியாக வருகிறது. பிபிஎக்ஸ் அதற்குக் காத்திராவிடில் எண் மட்டுமே தோன்றும்.
* எஸ்ஐபி இணைப்பு: பெயர் செய்தியின் ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்புப் புலங்களில் இடம்பெறக்கூடும். பிபிஎக்ஸ் வேறொரு புலத்தைப் படிப்பின் பெயர் கிடைக்காது.
* சேவை: பெயர் வசதிக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், அதைப் பெறாத இணைப்பில் பெயர் வராது.

கண்டறியும் முறை

1. அலுவலகத்தினுள் ஒரு கிளை எண்ணிலிருந்து மற்றொன்றை அழைத்தல் வேண்டும். பெயர் தோன்றினால் திரையில் பழுதில்லை.
2. வெவ்வேறு நிறுவனங்களின் எண்களிலிருந்து அழைத்தல் வேண்டும். ஓர் எண்ணுக்கு மட்டும் பெயர் இல்லையெனில், அவ்வெண்ணின் தரவுத்தளப் பதிவில் குறை இருக்கலாம். அழைப்பவர் தம் விவரத்தை மறைத்திருக்கவும் கூடும்.
3. எவ்வெளி அழைப்பிலும் பெயர் வராவிடில், அனலாக் இணைப்பில் பெயர் காட்டும் சாதாரணத் தொலைபேசியை நேரடியாகப் பொருத்திப் பார்க்கலாம். அதில் பெயர் தோன்றினால் குறை பிபிஎக்ஸின் அமைப்புகளில் உள்ளது. தோன்றாவிடில் சேவை நிறுவனத்தை அணுக வேண்டும்.
4. பிஆர்ஐ, எஸ்ஐபி இணைப்புகளில் பிபிஎக்ஸின் செய்திப் பதிவை ஆராய்ந்து, பெயர் வந்து சேர்கிறதா என அறியலாம்.

இச்சோதனைகளுக்கு முன் தொலைபேசிக் கருவிகளை மாற்றுவது வீண் செலவாக முடியலாம்.

நம்பகத்தன்மை

திரையில் தோன்றும் பெயர் அழைப்பவரின் அடையாளத்திற்குச் சான்றன்று. எண்ணைப் போலியாக அனுப்பினால், தரவுத்தளம் அப்போலி எண்ணுக்குரிய பெயரையே தரும். ஏமாற்றும் நோக்குடன் இவ்வாறு செய்வதைத் தடைசெய்யும் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் 2010 டிசம்பரில் கையெழுத்தானது.