துவைத்த ஜாக்கெட்டில் வாடை

கொடியிலிருந்து எடுக்கும்போது முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனைதான். இஸ்திரி போட்டு, உடுத்திக் கிளம்பி, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நின்றால் இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் அக்குளிலிருந்து முந்தாநாள் வாடை. குளித்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்காது. பல வருடம் இதற்காக நான் என் உடம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு ஜாக்கெட்டின் மேல்.

முதலில் வேர்வையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சுரக்கிற வேர்வைக்கு அநேகமாக வாடையே கிடையாது. உடம்பு முழுக்க 20 முதல் 40 லட்சம் வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை வெளியே விடுவது உப்புத் தண்ணீர்; வேலை, உடம்பைக் குளிர்விப்பது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்புக்காம்பைச் சுற்றியும் இன்னொரு ரகம் உண்டு. அது கொஞ்சம் கெட்டியாக, கொழுப்பும் புரதமும் கலந்து சுரக்கும். வெயிலைவிடப் பயமும் பதற்றமும்தான் இதைக் கிளப்பும். இன்டர்வியூ அன்றைக்கு ஏ.சி. அறையிலும் அக்குளில் வாடை கிளம்புவது இதனால்தான்.

தோலில் குடியிருக்கிற பாக்டீரியாக்களுக்கு இந்த இரண்டாம் ரகம் விருந்து. அவை தின்று மிச்சம் விடுவதுதான் நாம் முகர்வது. அந்த மிச்சத்தில் ஒரு அமிலத்துக்குச் சீரக வாடை. கந்தகம் கலந்த இன்னொன்றுக்கு வெங்காய வாடை. யாருக்கு எவ்வளவு என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு. ஒரே ஒரு மரபணுவின் வேறுபாட்டால் கொரியாவில் பெரும்பாலோருக்கு அக்குள் வாடை இல்லவே இல்லை என்று சொல்லலாம். அதே மரபணுதான் காதுக்குறும்பி பிசுபிசுப்பாக இருக்குமா, பொடியாக உதிருமா என்பதையும் தீர்மானிக்கிறது. பொடிக்குறும்பிக்காரர்களுக்கு வாடை குறைவு. ஆகவே ஒருத்தியிடம் வாடை வருகிறது என்றால் அவள் குளிப்பதில்லை என்று முடிவுகட்டுவது அநியாயம்.

இப்போது ஜாக்கெட்டுக்கு வருவோம். பாலியஸ்டர் நூல் தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் தோலின் எண்ணெய்ப் பிசுக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிசுக்கோடு வாடையும் பாக்டீரியாவும் ஒட்டிக்கிடக்கும். அவசரத் துவையலில் அது முழுதாகப் போவதில்லை. காய்ந்திருக்கும்போது சும்மா இருக்கும். உடம்புச் சூடும் ஈரமும் பட்டதும் எழுந்துகொள்ளும். சுடிதார் டாப்புக்கும் பள்ளி, கடை யூனிஃபார்முக்கும் இதே கதைதான்.

நான் இப்போது செய்வது இது. கழற்றியதும் உள்புறம் திருப்பி, கை சேரும் தையலில் மட்டும் துணி சோப்பைத் தேய்த்து அரைமணி ஊறவைப்பேன். பழைய வாடை என்றால் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் (பிளீச்சோடு மட்டும் சேர்க்கவே கூடாது, நச்சுப் புகை வரும்). பிறகு வழக்கம்போல் துவைத்து, திருப்பியபடியே வெயிலில் காயவைப்பேன். பட்டு ஜாக்கெட்டை இப்படியெல்லாம் படுத்த முடியாது. அதற்கு டெய்லரிடம் காட்டன் லைனிங்கும், கழற்றித் துவைக்கிற மாதிரி அக்குள் பேடும் கேளுங்கள். கல்யாண வீட்டிலிருந்து வந்ததும் மடித்து பீரோவில் வைக்காமல் ஓர் இரவு நிழலில் தொங்கவிடுங்கள். தினசரிக்கு, கொஞ்சம் தளர்வாகத் தைத்த காட்டன் டூ பை டூவுக்கு ஈடு இல்லை.

உடம்பு விஷயத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தினமும் அக்குளைச் சோப்புப் போட்டு விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு நன்றாக உலர வேண்டும். நம்மில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காலை அவசரத்தில் ஈர உடம்போடு துணியை மாட்டிக்கொண்டால் பாக்டீரியாவுக்கு நாமே பந்தி போட்டதாகிறது. ஃபேனுக்கு அடியில் இரண்டு நிமிஷம் கையைத் தூக்கி நின்றால் போதும். மார்புக்குக் கீழே, வயிற்று மடிப்பில், கால்விரல் இடுக்கில் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். முடியை மழிப்பது கட்டாயமில்லை. கத்தரித்தாலே வேர்வை தங்குவது குறையும்.

கடையில் வாங்குவதில் இரண்டு வகை. டியோடரன்ட் வாடையை மறைக்கும், பாக்டீரியாவைக் கொஞ்சம் அடக்கும், வேர்வையை நிறுத்தாது. ஆன்டிபெர்ஸ்பிரன்ட் அலுமினிய உப்பால் சுரப்பியின் வாயைத் தற்காலிகமாக அடைக்கும். அதைக் காலையில் ஈரத்தில் தடவினால் வேர்வையோடு வழிந்துவிடும். இரவில், உலர்ந்த தோலில் தடவிப் படுப்பதுதான் முறை. இதனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற வாட்ஸ்அப் செய்திக்கு இதுவரை ஆதாரமில்லை. சலூனில் சவரம் முடிந்ததும் தேய்க்கிற படிகாரக் கல்லும் அலுமினிய உப்புதான். நனைத்து, கழுவிய அக்குளில் இரண்டு தேய், அவ்வளவே. மழித்த அன்றைக்கு எதையும் தடவ வேண்டாம், எரியும்.

எலுமிச்சையும் சோடா மாவும் வேண்டவே வேண்டாம் என்பேன். இரண்டும் தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கருத்தும் போகும். நலங்கு மாவும் பூலாங்கிழங்கும் மணத்துக்கு நல்லவை. அவற்றையே மருந்தாக நம்பி வேறெதுவும் செய்யாமல் இருக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி: பூண்டு, வெங்காயம், வெந்தயம் நிறையச் சாப்பிட்ட அன்று வேர்வையில் தெரியலாம். அதற்காக வத்தக்குழம்பைத் துறக்க வேண்டாம்.

வயதுக்கு ஒரு கணக்கு உண்டு. பூப்பெய்துவதற்கு முன்பே, ஒன்பது பத்து வயதில், அந்த இரண்டாம் ரகச் சுரப்பி விழித்துக்கொள்ளும். பள்ளியில் யாராவது கேலி செய்வதற்கு முன் அம்மா சொல்லிக்கொடுத்துவிடுவது நல்லது. எட்டு வயதுக்கும் முன்பே வாடையும் முடியும் வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாதவிடாய் நிற்கிற காலத்தில் திடீர்ச் சூடும், நடுராத்திரியில் தலையணை நனைகிற வேர்வையும் வரும். அதைத் தாங்கிக்கொண்டே காலம் தள்ள வேண்டியதில்லை, சிகிச்சை இருக்கிறது.

பிறப்புறுப்புக்குத் தனக்கென்று லேசான ஒரு வாசனை உண்டு. உள்ளே இருக்கிற அமிலத்தன்மை கெட்ட கிருமிகளை விரட்டி வைக்கிறது. சோப்போ வாசனைத் திரவமோ உள்ளே போனால் அந்தக் காவல் குலையும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். மாதவிடாயில் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பேடை மாற்றிவிட்டால் வாடைக்கு வேலை இல்லை. ஆனால் மீன் கவிச்சி அடித்து, வெள்ளைப்படுதல் சாம்பல் நிறத்தில் தண்ணியாக இருந்தால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். மருத்துவர் தரும் மாத்திரையில் சரியாகும். கழுவக் கழுவ அதிகமாகும். பிரசவத்துக்குப் பின் துர்நாற்றத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உடம்பின் வாடை திடீரென்று மாறினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் மூச்சில் அழுகிய பழ வாடை வந்தால் அது அவசரம். மெலிவும் படபடப்புமாக வேர்வை கொட்டினால் தைராய்டைப் பார்ப்பார்கள். மூச்சிலும் சிறுநீரிலும் வேர்வையிலும் மீன் வாடை வருகிற ஒரு பிறவிக் குறைபாடு இருக்கிறது. அபூர்வம்தான், பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி அது கூடும். பத்துத் தடவை குளித்தும் அவமானப்பட்டவர்கள் அதில் உண்டு. இன்னொரு பக்கம், வாடையே இல்லாமல், இருக்கிறது என்று நம்பி வீட்டை விட்டே வெளியே வராதவர்களும் உண்டு. அதுவும் மனநல மருத்துவர் கவனிக்க வேண்டிய துன்பம்.

இந்தப் பயத்தை விற்றுக் காசு பார்த்தது ஒரு தனிக்கதை. 1919இல் அமெரிக்காவின் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகையில் ஓடோரோனோ என்ற வேர்வை மருந்துக்கு விளம்பரம் வந்தது. உனக்கே தெரியாமல் உன்னிடம் வாடை வீசலாம், யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள் என்பது அதன் சாரம். கோபத்தில் சுமார் 200 வாசகிகள் சந்தாவை நிறுத்தினார்கள். விற்பனையோ ஒரே வருடத்தில் இரட்டிப்புக்கும் மேல்.

நம் மூக்குக்கு நம் வாடை பழகிப்போகும் என்பது மட்டும் உண்மை. எனக்குச் சொன்னது கூட வேலை பார்த்த ஒரு பெண். மத்தியானம், மாடிப்படியில், வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, அந்த பச்சை ஜாக்கெட் போட்டா மட்டும் ஒரு வாடை வருது” என்றாள். ஜாக்கெட் என்றாள், நீங்கள் என்று சொல்லவில்லை. மறுநாள் பேப்பரில் சுற்றிய படிகாரத் துண்டை என் மேஜை டிராயரில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல டீ குடிக்கக் கூப்பிட்டாள்.